லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டை மாற்றலாமா? முதலில் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள்

காரைக்குடியில் லேப்டாப் சர்வீஸ் கடைப் பக்கம் போனால் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. "அண்ணே, ராம் மாத்துற மாதிரி இதுல கிராபிக்ஸ் கார்டையும் பெருசா மாத்திக்கலாமா?" கேட்பவர் கல்யாண வீடியோ எடிட் பண்ணும் ஸ்டுடியோக்காரராக இருப்பார், பழைய வீடுகளை அளந்து முப்பரிமாண மாதிரி செய்யும் கட்டடக்கலை மாணவராக இருப்பார், இல்லை லீவுக்கு வந்த பையனாக இருப்பான். ஏறக்குறைய எல்லா லேப்டாப்புக்கும் பதில் ஒன்றுதான்: முடியாது. ஏன் முடியாது என்று தெரிந்துகொண்டால், "மாத்தித் தர்றோம்" என்று யாராவது சொல்லும்போது பணம் தப்பிக்கும். அதே பணத்தை எங்கே போட்டால் உண்மையாகவே வேகம் கூடும் என்பதும் தெரியவரும்.

கேமிங் லேப்டாப் ஒன்றின் பின்மூடியைக் கழற்றினால் முதலில் தெரிவது இரண்டு ஃபேனும், அவற்றுக்கு நடுவே ஓடும் தட்டையான செம்புக் குழாய்களும்தான். எண் போட்ட ஸ்குரூக்களைத் தளர்த்தி அந்தச் செம்புக் கூட்டத்தை அப்படியே தூக்கினால், அடியில் கண்ணாடி போலப் பளபளக்கும் இரண்டு சில்லுகள் இருக்கும். ஒன்று பிராசசர், இன்னொன்று கிராபிக்ஸ். கிராபிக்ஸ் சில்லைச் சுற்றிக் கறுப்பாக உட்கார்ந்திருப்பவை அதன் மெமரி சிப்கள். ஆர்டிஎக்ஸ் 3050 நான்கு ஜிபி லேப்டாப் என்றால் நான்கு இருக்கும், 3060 ஆறு ஜிபி என்றால் ஆறு. பக்கத்தில் வரிசையாக நிற்கும் சாம்பல் நிறக் கட்டிகள் அந்தச் சில்லுக்கு மின்சாரம் தரும் பகுதி. இவற்றில் எதுவும் சாக்கெட்டில் செருகியது இல்லை. சில்லின் அடியில் நூற்றுக்கணக்கான பற்றுப் பொட்டுகள் (சால்டர்) வைத்து நேராக மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்கள்.

செட்டிநாட்டு வீட்டில் கதவை மாற்றலாம், சன்னலை மாற்றலாம். வளவில் நிற்கும் பர்மா தேக்குத் தூணை உருவிவிட்டு, அதைவிடத் தடித்த ஒன்றைச் செருகிவிட முடியுமா? மேலே உத்தரமும் கீழே கல்லும் அந்தத் தூணின் அளவுக்கே வைத்தவை. மதர்போர்டிலும் கதை இதுதான். 3050-க்கான போர்டில் மெமரிக்கு 128 பிட் பாதைதான் போட்டிருப்பார்கள். 3060-க்கு 192 பிட் வேண்டும். மின்சாரப் பகுதி தாங்கும் வாட் வேறு. செம்புக் குழாய் கடத்தும் சூடு வேறு. பயாஸுக்குள் (லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) எழுதிவைத்திருப்பதும் பழைய சில்லின் விவரம்தான். ஆகவே சில்லை மட்டும் மாற்றினாலும் பெரிய சில்லு அங்கே ஓடாது.

"ரீபால் பண்ணி வேற சிப் போட்டுத் தர்றோம்" என்று சொன்னால், கெட்டுப்போன சில்லுக்குப் பதில் அதே எண்ணுள்ள இன்னொரு சில்லைப் போடுவது என்றுதான் அதற்குப் பொருள். அது பழுதுநீக்கம். அதைச் செய்யவும் நல்ல பிஜிஏ ஸ்டேஷன் (பற்றவைத்த சில்லைச் சூடாக்கிக் கழற்றி மாட்டும் கருவி) வேண்டும். ஈயம் கலக்காத பற்று 217 டிகிரியில்தான் உருகும்; அந்தச் சூட்டைக் கீழிருந்தும் மேலிருந்தும் சமமாகக் கொடுக்காவிட்டால் போர்டு வளைந்துவிடும். ஹீட் கன்னை மேலே பிடித்துக் காய்ச்சி "ரெடி" என்று தருவது இன்னும் மோசம். பல கேஸ்களில் விரிசல் அடிப்பொட்டில் இருக்காது, சில்லுக்கும் அதன் தகட்டுக்கும் இடையே உள்ள நுண்ணிய பற்றில் இருக்கும். சூடு காட்டினால் அது கொஞ்ச நாளைக்கு ஒட்டிக்கொண்டு மறுபடி விடும். 2008 ஜூலையில் என்விடியா தன் பழைய லேப்டாப் சில்லுகளில் வந்த இந்த வகைப் பழுதுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அவ்வளவு பெரிய விவகாரம் அது.

கிராபிக்ஸ் சில்லு செத்துப்போன லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிராசசருக்குள் இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸ் இருந்து, திரை அதன் வழியாக ஓடுகிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் கெட்டதை மட்டும் டிசேபிள் செய்துவிட்டு டைப்பிங், கணக்கு, பாடம் எல்லாவற்றுக்கும் ஓட்டலாம். சில்லுக்குப் போகும் மின்வழி ஷார்ட் ஆகியிருந்தால்தான் லேப்டாப் ஆன் ஆகாமல் படுத்துவிடும்.

கழற்றி மாற்றும் கார்டு உள்ள லேப்டாப்களும் இருக்கின்றன. எம்எக்ஸ்எம் என்று பெயர், 2004-இல் என்விடியா கொண்டுவந்த அமைப்பு. மூன்றாம் பதிப்பில் இரண்டு அளவு: 'ஏ' வகை 82-க்கு 70 மி.மீ., 'பி' வகை 82-க்கு 105 மி.மீ. டெல் பிரிசிஷன் எம்6700, எம்6800, எச்பி எலைட்புக் 8770டபிள்யூ, ஸீபுக் 17-இன் முதல் தலைமுறைகள், எம்எஸ்ஐ ஜிடி70, க்ளெவோவின் தடித்த மாடல்கள் போன்றவற்றில் இது உண்டு. ஐடி கம்பெனிகள் கழித்துவிட்ட பிரிசிஷனும் ஸீபுக்கும் செகண்ட் ஹேண்டில் நம் பக்கமும் வருகின்றன. 17 அங்குலத் திரை, மூன்று கிலோவுக்கு மேல் எடை, செங்கல் மாதிரி அடாப்டர் என்றிருந்தால் திறந்து பார்க்கலாம். மெல்லிய லேப்டாப்பில் தேடவே வேண்டாம். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவற்றிலும் இந்த வழி கிடையாது.

எம்எக்ஸ்எம் மாற்றும் வேலை கடினமில்லை, ஆனால் வரிசை தப்பக்கூடாது. முதலில் பழைய கார்டு இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள். சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் சாஃப்ட்வேர் கொண்டு பழைய டிரைவரை முழுதாக நீக்குங்கள். பிறகு அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். ஹீட்சிங்கில் (முன்பு சொன்ன செம்புக் கூட்டம்) ஸ்குரூக்களுக்கு 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். கழற்றும்போது 4-இலிருந்து கீழே, மாட்டும்போது 1-இலிருந்து மேலே, ஒவ்வொன்றையும் அரைச்சுற்று அரைச்சுற்றாக. ஒரே மூலையை இறுக்கினால் சில்லின் ஓரம் உடையும். கார்டைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரூவையும் எடுத்ததும் அது ராம் போலச் சாய்வாக எழும்பும். அந்தச் சாய்விலேயே இழுக்க வேண்டும். புதியதையும் அதே சாய்வில் செருகி, தங்க நிற முனைகள் வெளியே தெரியாத அளவு உள்ளே போனபின் அழுத்தி ஸ்குரூ போடுங்கள்.

கெடுவது பெரும்பாலும் தெர்மல் பேடில், அதாவது சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே வைக்கும் சூடு கடத்தும் மெத்தென்ற பட்டையில்தான். மெமரிக்கு 1 மி.மீ. பேட் இருந்த இடத்தில் கடைக்காரர் கொடுத்தார் என்று 1.5 வைத்தால் ஹீட்சிங்க் மேலே தூக்கிக்கொள்ளும். சில்லுக்கும் செம்புக்கும் நடுவே காற்று நிற்கும். கேம் திறந்த மாத்திரத்தில் சூடு 90-ஐத் தாண்டி, திரை அணைந்துவிடும். பேட், பேஸ்ட் எல்லாம் வைத்து ஒருமுறை இறுக்கி, மறுபடி கழற்றிப் பாருங்கள். சில்லின் முழுப் பரப்பிலும் பேஸ்ட் பரவிய தடம் செம்பில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் படிந்திருந்தால் பேட் தடிமன் தப்பு.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் லேப்டாப் ஏற்காமல் போகலாம். எச்பியில் டெல் கார்டைப் போட்டால் பீப் சத்தத்தோடு நின்றுவிடும், அல்லது ஆன் ஆகி ஃபேன் முழு வேகத்தில் ஓயாமல் ஓடும். கார்டுக்குள் இருக்கும் விபயாஸ் (கார்டின் சொந்த பயாஸ்) அந்தக் கம்பெனி லேப்டாப்போடு பேசத் தெரியாதது என்பதே காரணம். ஆகவே அதே மாடலுக்கு அந்தக் கம்பெனியே விற்ற கார்டை மட்டும் வாங்குங்கள். எம்6800 என்றால் குவாட்ரோ கே3100எம், கே4100எம், கே5100எம், ஃபயர்புரோ எம்6100. பெரிய கார்டு போட்டால் 240 வாட் அடாப்டரும் கூடவே வேண்டும்.

இப்போது அந்தப் பட்டியலின் உச்சியைப் பாருங்கள். கே5100எம் கெப்ளர் தலைமுறை. அந்தத் தலைமுறையின் மேசைக் கணினி கார்டுகளுக்கே கேம் டிரைவர் 2021 அக்டோபரோடு நின்றது, பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 செப்டம்பரோடு. என்விடியா கார்டில் கணக்கு வேலைகளை ஓட்டும் கியூடா மென்பொருளின் 11-ஆம் பதிப்பிலேயே கே5100எம் சில்லைக் கைவிட்டுவிட்டார்கள். எம்எக்ஸ்எம் கார்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் கூரியரும் சேர்ந்து 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' ஆகிவிடும். கையில் இருக்கும் பிரிசிஷனில் கார்டு செத்துவிட்டது, அதே கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்றால் மாற்றுங்கள். வேகத்துக்காக என்றால் வேண்டாம்.

செலவுக்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. வேலை திணறும் அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வையுங்கள். கிராபிக்ஸ் 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால்தான் கார்டு போதவில்லை. ராம் நிரம்பி டிஸ்க் 100-இல் நின்றால் அது ராம் பிரச்சினை. பிராசசர் மட்டும் முட்டி நின்றால் எந்தக் கார்டும் உதவாது. இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் 'ஜிபியு 1' (பெரும்பாலும் தனி கார்டு) சும்மா இருக்க 'ஜிபியு 0' (பிராசசருக்குள் இருப்பது) மூச்சு வாங்குகிறதா? சாஃப்ட்வேர் தப்பான இடத்தில் ஓடுகிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் அந்தச் சாஃப்ட்வேருக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுங்கள். காசில்லாத வைத்தியம்.

தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் ராம்தான் கிராபிக்ஸின் மெமரியும். ஒரே ஒரு டிடிஆர்4-3200 ராம் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி போகும். இரண்டாவது ஸ்லாட்டிலும் ஒன்றைப் போட்டால் 51.2. இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ உள்ள லேப்டாப் ஒற்றை ராமில் ஓடும்போது டிரைவரே தன்னை 'யுஎச்டி கிராபிக்ஸ்' என்றுதான் காட்டும். ஜோடி ராம் போட்டதும் பெயர் மாறும், வேகமும் கூடும். சிபியு-ஸீட் சாஃப்ட்வேரில் மெமரி பக்கத்தைப் பார்த்தால் ஒற்றையா இரட்டையா என்று தெரியும். ராமே பற்றவைத்த மெல்லிய மாடலா என்பதையும் வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

கல்யாண வீடியோக்காரர்களுக்கு இன்னொன்று. இப்போதைய கேமராக்கள் பலவும் எச்.265-இல் 10 பிட் 4:2:2 என்று பதிவு செய்கின்றன. அந்த ஃபைலை டைம்லைனில் போட்டதும் இழுத்து இழுத்து ஓடும். கார்டு சின்னது என்று நினைப்பார்கள். ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை என்விடியா கார்டுகளால் அந்த வகையை ஹார்டுவேரில் பிரிக்க முடியாது. 50 வரிசையில்தான் வந்தது. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸே அதைப் பிரித்துவிடும். அதனால் 40 வரிசை வரையிலான பெரிய கார்டு உள்ள ரைசன் லேப்டாப்பைவிட, சின்ன கார்டோடு இருக்கும் 12-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப் இந்த ஒரு வேலையில் வழுக்கிக்கொண்டு ஓடும். லேப்டாப்பை மாற்ற முடியாதவர்கள் முகூர்த்தம் முடிந்த ராத்திரியே எல்லாக் கிளிப்புக்கும் 720பி பிராக்ஸி (எடிட்டுக்கு மட்டுமான சிறிய நகல்) போட்டு வைத்துவிடட்டும். காலையில் எடிட் தடங்காது. எக்ஸ்போர்ட் மட்டும் அசல் ஃபைலிலிருந்து போகும்.

அடுத்தது சூடு. சித்திரை வைகாசியில் நம் ஊரில் 38, 39 டிகிரி சாதாரணம். ஏசி இல்லாத அறையில் லேப்டாப் உறிஞ்சும் காற்றே அவ்வளவு சூடு. என்விடியா லேப்டாப் சில்லுகள் பொதுவாக 87 டிகிரியை ஒட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜிபியு-ஸீட் சாஃப்ட்வேரில் சென்சார் பக்கத்தில் 'பெர்ஃப்கேப் ரீசன்' என்று ஒரு வரி உண்டு. கேம் ஓடும்போது அதில் 'தெர்ம்' என்று வந்தால் சூட்டால் குறைக்கிறது. 'பவர்' என்று வந்தால் வாட் எல்லையைத் தொட்டுவிட்டது. அப்போது அடாப்டரைப் பாருங்கள். 180 வாட் அடாப்டர் கெட்டு, கடையில் 120 வாட் வாங்கி மாட்டியிருப்பார்கள். லேப்டாப் ஓடும், ஆனால் கிராபிக்ஸ் முழுப் பலத்தில் ஓடாது.

சூடு என்றால் மேலோட்டமாக ஊதிவிட்டால் போதாது. நம் செம்மண் புழுதியும் துணிப் பஞ்சும் சேர்ந்து ஃபேனுக்கும் ஹீட்சிங்க் பற்களுக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரிப் படிந்துவிடும். ஃபேனைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டு, ஃபேனைக் கழற்றி, அந்தப் படிவத்தைச் சாமணத்தால் ஒரே தகடாக உரித்து எடுக்கலாம். பிளோயர் அடிக்கும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் போய்விடும். காய்ந்த பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, சில்லின் பரப்பு முழுவதும் மூடும்படி மெல்லிதாகத் தடவுங்கள். மெமரி மேல் இருக்கும் பேட் கிழியாமல் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். வருஷம் ஒருமுறை, பங்குனிக்குள் செய்துவிடுவது நல்லது.

ஆத்தங்குடிக் கல் சில்லென்று இருக்கிறதே என்று தரையோடு தரையாக வைத்து ஓட்டுபவர்கள் உண்டு. தரையின் குளிர்ச்சி லேப்டாப்புக்குள் ஏறாது. அடியில் காற்று புக இடம் வேண்டும். பின்பக்கம் இரண்டு செ.மீ. உயர்த்திவைத்தாலே சூடு குறையும். மெத்தை மேல் மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

இவ்வளவும் செய்து கார்டுதான் போதவில்லை என்று உறுதியானால், வெளியிலிருந்து கார்டு இணைக்கும் வழி இருக்கிறது. தண்டர்போல்ட் 3 அல்லது 4 போர்ட், பக்கத்தில் மின்னல் குறியோடு இருக்கும். டைப்-சி வடிவம் மட்டும் போதாது. இந்த வழியில் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 32 ஜிகாபிட், பிசிஐஇ 3.0-இன் (கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தகவல் போகும் வழி) நான்கு லேன், அதாவது நான்கு பாதை. மேசைக் கணினியில் பதினாறு லேன் வரை இருக்கும். தண்டர்போல்ட் இல்லாதவர்கள் எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட்டிலிருந்து ரிப்பன் கேபிளோ ஓக்குலிங்க் என்ற தனி வகைக் கேபிளோ இழுக்கிறார்கள். அந்த ஸ்லாட் பிசிஐஇ 4.0 என்றால் 64 ஜிகாபிட் வரை கிடைக்கும், ஆனால் பின்மூடியில் வெட்டுப் போட வேண்டும், ஓடும்போது பிடுங்கக்கூடாது, முதலில் எஸ்எம்பிஎஸ் (கார்டுக்கு மின்சாரம் தரும் பெட்டி), பிறகுதான் லேப்டாப் என்ற வரிசையில் ஆன் செய்ய வேண்டும். பிசிஐஇ இல்லாமல் பழைய சாட்டா வழி மட்டும் உள்ள எம்.2 ஸ்லாட்டில் ஓடாது. எந்த வழியானாலும் தனி மானிட்டரைக் கார்டிலேயே செருகுங்கள். லேப்டாப் திரைக்கே படத்தைத் திருப்பி அனுப்பினால் அதே குறுகிய பாதையில் நெரிசல்.

நம் ஊருக்கென்று இதில் இரண்டு சிக்கல். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் நிற்கும், வெளியே இருக்கும் கார்டு நிற்காது. விண்டோஸ் உறைந்து, எடிட் பண்ணிய வேலை போகும். ஆகவே எஸ்எம்பிஎஸுக்குத் தனி யுபிஎஸ் கட்டாயம். பராமரிப்பு மின்தடை நாளைக்கு அதுவும் பத்தாது. இன்னொன்று எர்த். பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், எர்த் வயர் வந்திருக்காது. எஸ்எம்பிஎஸ் உடலைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கும். அந்தக் கசிவு கேபிள் வழியே லேப்டாப் மதர்போர்டுக்கும் போகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்த்த பிறகே செருகுங்கள்.

டாக் (கார்டை மாட்டும் வெளிப்பெட்டி), எஸ்எம்பிஎஸ், கார்டு, மானிட்டர், யுபிஎஸ் என்று எழுதிக் கூட்டினால் ஒரு மேசைக் கணினியின் பாதி அதிலேயே வந்துவிடும். அதனால் என் தேர்வு, லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு, கம்பெனிகள் கழித்த சின்ன டெஸ்க்டாப் ஒன்று வாங்குவது. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் வகைகளின் ஒல்லிக் கேபினட்டில் தனி பவர் கேபிள் வராது, ஆகவே 75 வாட்டுக்குள் ஓடும் குட்டைக் கார்டாக இருக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650-இல் அப்படி உண்டு. ஆர்எக்ஸ் 6400 மலிவாகக் கண்ணில் படும், ஆனால் அதில் வீடியோ என்கோடர் கிடையாது. எடிட்டிங் ஆட்கள் தவிர்க்கவும். வீட்டு வைஃபையில் சன்ஷைன், மூன்லைட் என்ற சாஃப்ட்வேர்களைப் போட்டு, டெஸ்க்டாப்பில் ஓடும் கேமை லேப்டாப்பிலேயே விளையாடலாம். மெஷின் லேர்னிங் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு அதுவும் தேவையில்லை. கூகுள் கோலாபும் காகிளும் 16 ஜிபி மெமரி உள்ள கார்டை இலவசமாகத் தருகின்றன.

புது லேப்டாப்பே வாங்குவதென்றால் கார்டின் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு 35 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும். பெட்டியில் பெயர் ஒன்றுதான். டிஜிபி, அதாவது கார்டுக்கு விட்டிருக்கும் வாட், எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் கம்பெனி இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பல்லவன் ரயிலைப் பிடித்துப் போய் சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் வாங்கினால், அங்கேயே அடாப்டரைச் செருகி ஜிபியு-ஸீட்டைத் திறங்கள். கார்டின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று வருகிறதா, மெமரி அளவு சரியா என்று பாருங்கள். பிறகு இருபது நிமிஷம் ஏதாவது கனமான சோதனையை ஓட்டவிட்டு, சூடும் வாட்டும் எங்கே போய் நிற்கின்றன என்று குறித்துக்கொண்ட பிறகே பணத்தை எடுங்கள்.